விசைப்படகை விட்டு நாட்டுப்படகுக்கு: பாக் நீரிணையில் 'இறங்கி வருவது' லாபமா, நட்டமா?

ஒவ்வொரு வருஷமும் ஜூன் 14-ம் தேதி நள்ளிரவோடு தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. 61 நாள் கரையில் கிடந்த விசைப்படகுகளுக்கு வர்ணம் பூசி, இன்ஜினைப் பிரித்துப் பூட்டி, வலையைச் சரிபார்த்து, ஐஸும் டீசலும் ஏற்றிக் கிளம்பத் தயாராக இருப்பார்கள். ராமேஸ்வரம், மண்டபம், புதுக்கோட்டையின் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கமெல்லாம் இந்தச் சமயத்தில் ஒரு திருவிழாக் களை இருக்கும்.

ஆனால் அந்தக் களைக்குப் பின்னால் ஒரு பயமும் இருக்கும். போகிற படகு திரும்பி வருமா? ஆட்கள் ஒருநாள் விடுதலையாகி வந்துவிடலாம். படகு வருமா? இந்தக் கேள்வியோடு சேர்ந்து இன்னொரு கேள்வியும் எழுகிறது: பேசாமல் பெரிய படகை விட்டுட்டு, ஒரு பைபர் படகோ வள்ளமோ வாங்கிக் கரைக்குப் பக்கத்திலேயே தொழில் பார்த்தால் என்ன?

கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. கார் வேண்டாம், பைக் போதும் என்பது போல. ஆனால் கடலில் படகு மாறினால் வலை மாறும், மீன் மாறும், கடலுக்குப் போகிற நாள் மாறும், கூட வருகிற ஆட்களின் பிழைப்பும் மாறும். அதனால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

எது பெரிய படகு, எது சின்னப் படகு?

விசைப்படகு என்று நாம் சொல்வது, படகின் உள்ளேயே டீசல் இன்ஜின் பொருத்தப்பட்ட, மேலே ஓட்டுநர் அறை வைத்த பெரிய படகு. பாக் நீரிணைப் பகுதியில் இவற்றில் பெரும்பாலானவை இழுவைப் படகுகள். அதாவது, பை மாதிரியான ஒரு மடியைக் கடலின் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டே போய், இறால், நண்டு, கணவாய், மீன் எல்லாவற்றையும் வாரி எடுப்பவை.

நாட்டுப்படகு என்பதில் வள்ளம், வத்தை, பைபர் படகு எல்லாமே வந்துவிடும். இப்போது பெரும்பாலானவற்றில் சின்ன இன்ஜின் உண்டு. பின்பக்கம் மாட்டிக்கொள்ளும் மோட்டார் உள்ள பைபர் படகுகள் 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரண உதவியாகவும் மானியமாகவும் நிறைய வந்தன. இவற்றில் போகிறவர்கள் பொதுவாகச் செவுள் வலை, நண்டு வலை, தூண்டில் போட்டு மீன் பிடிப்பார்கள். வலையைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் தொழில் இது. இழுவை என்பது தேடிப் போய் வாரிக்கொண்டு வரும் தொழில். இந்த வித்தியாசம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

முதலில் ஏன் எல்லாரும் பெரிய படகுக்குப் போனாங்க?

அரசு சொன்னதால். 1950-களில் இந்தோ-நார்வே திட்டம் கேரளக் கரையில் இயந்திரப் படகுகளை அறிமுகப்படுத்தியது. அதைத் தொடர்ந்து தமிழகத்திலும் மானியம் கொடுத்து மீனவர்களை விசைப்படகுக்கு மாற்றினார்கள். 1960, 70-களில் இறாலுக்கு வெளிநாட்டுச் சந்தையில் நல்ல விலை கிடைத்தது. இறாலை வாரி எடுக்க இழுவை மடியை விட வேகமான வழி கிடையாது. படகுகள் பெருகின.

பெருகியதும் சண்டையும் வந்தது. நாட்டுப்படகுக்காரர்கள் போட்டு வைத்த வலையை இழுவைப் படகு அறுத்துக்கொண்டு போகும். அதனால் வந்த மோதல்களைத் தொடர்ந்து 1970-களில் ராமேஸ்வரம் பகுதியில் ஓர் ஏற்பாடு உருவானது: வாரத்தில் 3 நாள் விசைப்படகுகளுக்கு, மீதி 4 நாள் நாட்டுப்படகுகளுக்கு. திங்கள், புதன், சனி விசைப்படகு நாட்கள் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். பிறகு வந்த 1983-ம் வருஷத்துத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம், கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது என்று கோடு போட்டது.

இப்போ என்ன பிரச்சினை?

இடம் பத்தவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

1974, 1976 ஒப்பந்தங்களின்படி இந்தியா, இலங்கை இடையே கடல் எல்லைக்கோடு வரையப்பட்டது. ராமேஸ்வரத்திலிருந்து அந்தக் கோடு ஏறக்குறைய 12 கடல் மைலில் வந்துவிடுகிறது. கரையோரம் 3 மைலைக் கழித்தால் மிஞ்சுவது சுமார் 9 கடல் மைல், அதாவது 16, 17 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பட்டை. இதற்குள்தான் ராமேஸ்வரத்தின் பல நூறு இழுவைப் படகுகளும் ஒரே நாளில் ஓட வேண்டும். பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல் வேறு. பெரும்பாலான இடங்களில் 15 மீட்டருக்கும் குறைவு. தரையைத் திரும்பத் திரும்ப வாரினால் மீன் எங்கிருந்து வரும்?

இலங்கையில் போர் நடந்த காலத்தில், வடக்குப் பகுதி மீனவர்கள் கடலுக்குப் போகக் கடும் கட்டுப்பாடு இருந்தது. அந்தப் பக்கக் கடல் மீன் பிடிக்கப்படாமல் கிடந்தது. நம் பக்கத்து இழுவைப் படகுகள் அதற்குப் பழகிவிட்டன. 2009-ல் போர் முடிந்தது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மீனவர்கள் சின்னப் படகுகளோடு கடலுக்குத் திரும்பினார்கள். பழைய ராமேஸ்வரம் சண்டை, இப்போது இரண்டு நாட்டுத் தமிழ் மீனவர்களுக்கு இடையிலான சண்டையாக மாறியது.

இலங்கை 2017-ல் தன் கடலில் இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. அடுத்த ஆண்டே வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைப் பல மடங்கு உயர்த்தியது. 2022 பிப்ரவரியில், பிடித்து வைத்திருந்த நூற்றுக்கும் மேற்பட்ட இந்தியப் படகுகளைக் காரைநகர், தலைமன்னார் உள்ளிட்ட இடங்களில் ஏலம் விட்டது. 2024-ல் படகு ஓட்டுநர்களுக்கும், இரண்டாவது முறை பிடிபட்டவர்களுக்கும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அதைக் கண்டித்து அந்த ஆண்டு கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவையே ராமேஸ்வரம் மீனவர்கள் புறக்கணித்தார்கள். அந்த ஒரே ஆண்டில் கைதானவர்கள் 500 பேருக்கும் மேல்.

சின்னப் படகுக்குப் போனா இந்த ஆபத்து குறையுமா?

குறையும். ஆனால் முழுசாகப் போகாது.

இலங்கையில் சிக்கி மீட்க முடியாத 125 படகுகளுக்குத் தமிழக அரசு 5.66 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது நினைவிருக்கலாம். அதில் விசைப்படகுகள் 108, நாட்டுப்படகுகள் 17. அப்போது விசைப்படகுக்கு 5 லட்சம், நாட்டுப்படகுக்கு ஒன்றரை லட்சம். பிற்பாடு இந்தத் தொகை 8 லட்சமாகவும் 2 லட்சமாகவும் உயர்த்தப்பட்டது. இந்தப் பட்டியலே இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறது. சிக்குகிறவற்றில் பெரும்பாலானவை பெரிய படகுகள்தான். ஆனால் எல்லைக்கோடு கரைக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால், காற்றிலும் நீரோட்டத்திலும் நாட்டுப்படகும் தாண்டிவிடுகிறது.

வித்தியாசம் இழப்பின் அளவில் இருக்கிறது. நாட்டுப்படகு போனால் ஒரு குடும்பம் ரொம்பவே அடிபடும்; ஆனாலும் மறுபடி எழுந்து நிற்க ஒரு வழி இருக்கும். விசைப்படகு போனால், 8 லட்சம் நிவாரணம் பழைய கடனை அடைக்கவே பத்தாமல் போகலாம்.

சரி, நாள் கணக்கைப் பார்ப்போம்

பலரும் கவனிக்காத கணக்கு இது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை விசைப்படகுகளுக்குத்தான். நாட்டுப்படகுகளுக்குக் கிடையாது. 365-ல் 61 போனால் 304 நாள்; அதாவது 43 வாரத்துக்குக் கொஞ்சம் மேல். வாரம் 3 நாள் என்றால் ஒரு விசைப்படகு வருஷத்துக்கு அதிகபட்சம் 130 நாள்தான் கடலுக்குப் போக முடியும்.

நாட்டுப்படகுக்கு 52 வாரம், வாரம் 4 நாள்: 208 நாள்.

இது காகிதத்தில் வருகிற கணக்கு. புயல் எச்சரிக்கை, நல்லது கெட்டது, ஊர்க் கட்டுப்பாடு, வேலைநிறுத்தம் எல்லாம் போக இரண்டுமே குறையும். ஆனால் ஒவ்வொரு கைது நடவடிக்கைக்குப் பிறகும் விசைப்படகு சங்கங்கள் வேலைநிறுத்தம் அறிவிப்பதால், அந்தப் பக்கம்தான் அதிகம் குறையும். தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்பதால் சந்தைக்கு மீன் வரத்து குறைந்து விலை ஏறும். அந்த விலை கிடைப்பது நாட்டுப்படகுக்காரர்களுக்கு.

செலவு எவ்வளவு இறங்கும்?

இழுவைப் படகில் பெரிய செலவு டீசல். மடியைத் தரையோடு இழுக்க இன்ஜின் முழு வேகத்தில் மணிக்கணக்காக ஓடணும். மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் எரிகிற டீசல் எரிந்ததுதான். விற்பனை வரி இல்லாத டீசலாக ஒரு விசைப்படகுக்கு அரசு தருவது ஆண்டுக்கு 19,000 லிட்டர். 130 நாளால் வகுத்தால் ஒரு பயணத்துக்கு 146 லிட்டர். இழுவைக்கு ஒரு முறை போய்வரச் சில நூறு லிட்டர் ஆகும் என்பதால், மீதியை வெளி விலைக்குத்தான் வாங்கணும். இன்ஜின் பொருத்திய நாட்டுப்படகுக்கு இந்த ஒதுக்கீடு 4,400 லிட்டர். அதன் தேவையும் அந்த அளவுக்குக் குறைவு.

ஐஸ், ரேஷன், மடி பழுது, வருஷா வருஷம் படகைக் கரையேற்றிப் பார்க்கிற செலவு எல்லாமே சின்னப் படகில் இறங்கும்.

வருமானமும் இறங்கும் என்பதையும் மறைக்கக் கூடாது. ஏற்றுமதிக் கம்பெனிகள் போட்டி போட்டு எடுக்கிற இறாலை இழுவை மடி மாதிரி சின்ன வலை கொண்டுவராது. நாட்டுப்படகில் ஒரு நாள் நல்ல பாடு கிடைக்கும், நாலு நாள் டீசல் காசு மட்டும் தேறும். பெரிய படகில் பெரிய லாபம், பெரிய நட்டம். சின்னப் படகில் இரண்டுமே சின்னது. மாதத் தவணை கட்டுகிறவருக்கு இரண்டாவதுதான் நிம்மதி. ஏற்கெனவே பெரிய கடன் உள்ளவருக்கோ, சின்ன லாபத்தை வைத்துக்கொண்டு அதை எப்படி அடைப்பது என்பதுதான் தலைவலி.

இங்கேதான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கடற்கரையில் கடன் என்றால் வங்கிக் கடன் மட்டும் கிடையாது. மீனை எடுக்கிற வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். "மீனை எனக்குத்தான் போடணும்" என்பது அதற்கான நிபந்தனை. பெரிய படகை நிறுத்தினால் அந்த முன்பணத்தை உடனே திருப்பித் தர வேண்டிவரும். படகை விற்கலாம் என்றால், எல்லாரும் விற்க நினைக்கிற நேரத்தில் யார் நல்ல விலைக்கு வாங்குவார்கள்?

அரசு என்ன வழி வச்சிருக்கு?

அரசு காட்டிய வழி இறங்கி வருவது அல்ல. இன்னும் மேலே ஏறுவது.

2017 ஜூலையில் ராமேஸ்வரத்தில் பிரதமர் தொடங்கி வைத்த ஆழ்கடல் மீன்பிடித் திட்டத்தின் நோக்கம், பாக் நீரிணை இழுவைப் படகுகளைக் கைவிடச் செய்து, சூரை மீன் பிடிக்கும் ஆழ்கடல் தூண்டில் படகுகளைக் கொடுப்பது. ஒரு படகின் விலை 80 லட்சம் என்று கணக்கிட்டார்கள். மத்திய அரசு 50 சதவீதம், மாநில அரசு 20 சதவீதம், வங்கிக் கடன் 20 சதவீதம், மீனவர் பங்கு 10 சதவீதம். அதாவது மீனவர் கையிலிருந்து 8 லட்சம், மேலே 16 லட்சம் கடன். மூன்று ஆண்டில் 2,000 படகு என்பது இலக்கு. அதன் பக்கத்தில்கூட திட்டம் போகவில்லை.

காரணம் பணம் மட்டும் இல்லை. சூரை மீன் பாக் நீரிணையில் இல்லை. மன்னார் வளைகுடாவைத் தாண்டி இந்தியப் பெருங்கடலுக்குப் போகணும். வாரக்கணக்கில் கடலிலேயே இருக்கணும். குமரி மாவட்டத்தின் தூத்தூர் பகுதி மீனவர்களுக்கு இது தலைமுறைத் தொழில். மாலையில் போய்க் காலையில் திரும்புகிற ராமேஸ்வரம்காரருக்கு இது புதுத் தொழில். அதிலும், ஒரு பெரிய படகின் கடனில் இருப்பவரிடம் அதைவிடப் பெரிய படகை வாங்கச் சொன்னால் தயங்கத்தானே செய்வார்?

ஆழ்கடலுக்குப் போக விருப்பமும் துணிவும் உள்ளவர்களுக்கு அந்தத் திட்டம் இருக்கட்டும். "எனக்குப் பெரிய படகு வேண்டாம், சின்னதா ஒண்ணு போதும்" என்று சொல்கிறவருக்கு அதே அளவுக்கு ஒரு கதவு திறந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. நாட்டுப்படகு இன்ஜினுக்கு 40 சதவீத மானியம், மானிய விலை மண்ணெண்ணெய் போன்ற உதவிகள் உண்டு. ஆனால் அவை ஏற்கெனவே நாட்டுப்படகு வைத்திருப்பவர்களை மனதில் வைத்தவை. விசைப்படகை விட்டு வருகிறவரின் கடனையும், அவர் படகையே நம்பியிருந்த ஆட்களையும் அவை கணக்கில் எடுப்பதில்லை.

கூலிக்குப் போன ஆட்கள் என்ன ஆவாங்க?

இந்த விவாதத்தில் அடிக்கடி விட்டுப்போவது இவர்களைத்தான். ஒரு விசைப்படகில் ஓட்டுநரோடு சேர்த்து நாலைந்து பேர் போவார்கள். டீசல், ஐஸ் செலவைக் கழித்த பிறகு கிடைக்கிற தொகையில் இவர்களுக்குப் பங்கு. பைபர் படகுக்கு இரண்டு மூன்று பேர் போதும். அதுவும் பெரும்பாலும் அப்பா, மகன், தம்பி என்று வீட்டு ஆட்களே. ஆக, உரிமையாளர் சின்னப் படகுக்கு மாறும்போது, படகே இல்லாத மூன்று நான்கு பேருக்கு வேலை போகிறது.

சிறைக்குப் போனவர்களில் பெரும்பாலானவர்களும் இந்த ஆட்கள்தான். எல்லையைத் தாண்டலாமா வேண்டாமா என்கிற முடிவில் இவர்கள் பேச்சு எடுபடுவது குறைவு. இவர்களைத் தாண்டி, கரையில் மீன் பிரிக்கிற, இறால் தலை கிள்ளுகிற, கருவாடு போடுகிற பெண்களின் கூலியும் விசைப்படகு வரத்தைத்தான் நம்பியிருக்கிறது.

எல்லாரும் சின்னப் படகுக்கு வந்தா கடல் தாங்குமா?

நல்ல கேள்வி. இரண்டு விஷயங்களைக் கவனிக்கணும்.

முதலாவது, விடுகிற படகு என்ன ஆகிறது? ஒருவர் விசைப்படகை விற்றுவிட்டு பைபர் படகு வாங்குகிறார், அந்த விசைப்படகை வாங்கியவர் அதே கடலில் ஓட்டுகிறார் என்றால், கடலில் ஒரு படகு கூடியிருக்கிறது. அவ்வளவுதான். பழைய படகை உடைத்து, அதன் உரிமத்தையும் ரத்து செய்தால்தான் கடலுக்கு மூச்சு கிடைக்கும்.

இரண்டாவது, படகின் நீளத்தைவிட மடி முக்கியம். பாக் நீரிணையில் சிறிய படகுகளிலேயே இன்ஜினைப் பொருத்தி, கரையோரத்தில் சின்ன இழுவை மடி போடுகிறவர்களும் உண்டு. கடற்புற்கள் வளர்வதும், இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஒதுங்குவதும் அதே கரையோரத்தில்தான். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக 2022-ல் தமிழக அரசு அறிவித்ததற்குக் காரணமே இந்தக் கடற்புல் வெளிகள். பெரிய படகை விட்டு வந்தவர் அங்கே சின்ன இழுவை மடி போட்டால் கெடுதல் இன்னும் கூடத்தான் செய்யும்.

ஏற்கெனவே 208 நாள் கணக்கில் தொழில் பார்க்கிற நாட்டுப்படகுக்காரர்களின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. "இத்தனை வருஷம் எங்க வலையை அறுத்தவங்க, இப்போ எங்க இடத்துக்கே வர்றாங்க" என்று அவர்கள் கேட்டால் தப்புச் சொல்ல முடியாது. அவர்களைக் கலந்து பேசாமல் செய்கிற எந்த மாற்றமும் 1970-களின் சண்டையைத்தான் திரும்பக் கொண்டுவரும்.

வேற எங்காவது செஞ்சு பார்த்திருக்காங்களா?

ஹாங்காங் செய்தது. 2012 டிசம்பர் 31-லிருந்து தன் கடலில் இழுவை மடியை முழுசாகத் தடை செய்தது. வெறும் தடை உத்தரவோடு நிறுத்தவில்லை. சுமார் 170 கோடி ஹாங்காங் டாலர் ஒதுக்கி, உரிமையாளர்களுக்கு இழப்பீடு கொடுத்தது. கரையோர இழுவைப் படகுகளை விருப்பத்தின் பேரில் விலைக்கு வாங்கிக்கொண்டது. அந்தப் படகுகளில் வேலை பார்த்த உள்ளூர் ஆட்களுக்கும் ஒருமுறை உதவித் தொகை கொடுத்தது.

ஹாங்காங்கின் பணபலமும் அங்கே இருந்த படகுகளின் எண்ணிக்கையும் வேறு. ஆனால் அந்த வரிசையைக் கவனிக்கலாம்: படகுக்கு விலை, உரிமம் ரத்து, ஆட்களுக்கும் பங்கு.

அப்போ, லாபமா நட்டமா?

தனி ஒருவராகப் பார்த்தால், கடன் குறைவாகவும் வீட்டிலேயே கடலுக்குப் போகிற ஆள் இருப்பவருக்கும் சின்னப் படகு நல்ல முடிவாக இருக்க வாய்ப்பு அதிகம். கடலுக்குப் போகிற நாள் கூடும், செலவு குறையும், படகை மொத்தமாக இழக்கிற பயம் குறையும். கடன் கழுத்து வரை இருப்பவருக்கு, அதற்கு ஒரு வழி சொல்லாமல் இறங்கி வரச் சொல்வது சும்மா பேச்சுதான். கூலி ஆளுக்கு, இன்றைய நிலையில், நட்டம் மட்டும்தான்.

ஆகவே அடுத்த முறை பாக் நீரிணை மீனவர்களுக்கு ஒரு மாற்றுத் திட்டம் என்று அறிவிப்பு வரும்போது, எத்தனை கோடி என்பதோடு சேர்த்து நாலு கேள்வி கேளுங்கள். பழைய படகை உடைக்கிறார்களா, விற்க விடுகிறார்களா? வியாபாரியிடம் உள்ள முன்பணக் கடனுக்கு என்ன ஏற்பாடு? கூட வேலை பார்த்த நாலு பேர் பெயர் பட்டியலில் இருக்கிறதா? சின்னப் படகுக்கு வருகிறவர் எந்த வலையைப் போடலாம் என்று எழுதியிருக்கிறதா?

அக்கரையில் செவுள் வலையோடு காத்திருக்கும் யாழ்ப்பாணத்து மீனவருக்கும் இந்தக் கேள்விகளில் பங்கு இருக்கிறது. இழுவை மடி இல்லாத ஒரு படகு அவர் வலையை அறுக்காது. அந்த ஒரு நம்பிக்கை வந்தால்தான், இரண்டு கரையும் உட்கார்ந்து பேசுகிற பேச்சுக்கே அர்த்தம் வரும்.